பைப்பைத் தேடும் முன்

தூத்துக்குடிப் பக்கம் உப்பு லோடு அடிக்கும் லாரியில் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டைக் கழற்றியவர்களுக்கு இது பழகிய கதை. ஏழு நட் சாதுவாக வந்துவிடும். எட்டாவது மட்டும் ஸ்பேனருக்கு மசியாது. பையன் பைப்பைத் தேடி ஓடுவான். ஸ்பேனரில் பைப்பை மாட்டி ஒரு தொங்கு தொங்கினால் ‘டக்’. அரைமணி வேலை அரைநாள் ஆகிவிடும். அந்தச் சத்தத்தை நானும் பலமுறை கேட்டிருக்கிறேன், என் கைப் பைப்பிலிருந்தே.

இரும்பு துருவாகும்போது பருமன் இரண்டு மடங்குக்கும் மேல் பெருகும். மரைக்குள் அதற்கு விரிய இடம் ஏது? இறுகிக்கொள்கிறது. அலுமினிய ஹெட்டில் இரும்பு ஸ்டட் என்றால் இன்னும் மோசம்; உப்பு ஈரம் பட்டதும் இரண்டு உலோகமும் பேட்டரி போல வேலை செய்து, வெள்ளைப் பொடி மரையை அடைத்துவிடும்.

இதற்கு மருந்து பலமல்ல, நேரம். கம்பி பிரஷ்ஷால் துருவைத் தேய்த்து, எண்ணெய் விட்டு, தலையில் சுத்தியலால் நாலு தட்டு தட்டி, முடிந்தால் இரவு முழுக்க விடுங்கள். டபிள்யூடி-40 என்ற பெயரிலேயே அதன் முதல் வேலை இருக்கிறது: ஈரத்தை விரட்டுவது. துரு ஊடுருவவென்றே வரும் எண்ணெய்கள் தனி. மறுநாள் ஆறு முனை சாக்கெட் போட்டு, முதலில் இறுக்குகிற பக்கமே லேசாக அசைத்துப் பாருங்கள், பிறகு கழற்றுங்கள். அரைச்சுற்று வெளியே, கால்சுற்று உள்ளே, மறுபடி எண்ணெய்.

கை சொல்வதைக் கேட்க வேண்டிய இடம் இதுதான். ‘கீச்’ என்று கத்திக்கொண்டு திரும்பினால் நல்லது, துரு விடுகிறது. சத்தமே இல்லாமல் ரப்பர் போலக் குழைந்து கொடுத்தால், திரும்புவது நட் அல்ல, ஸ்டட் முறுக்கிக்கொண்டிருக்கிறது. அங்கேயே நிறுத்துங்கள்.

அடுத்தது நெருப்பு. நட்டை மட்டும் சூடாக்கினால் அது விரிந்து பிடியை விடும். அலுமினிய ஹெட் பக்கம் கவனம்: இரும்பைப் போல அது சிவந்து எச்சரிக்காது, 660 டிகிரிக்குள் உருகிவிடும். குளோரின் கலந்த பிரேக் கிளீனர் அடித்த இடத்தில் நெருப்பைக் காட்டவே கூடாது. வருகிற புகை நச்சு.

முறிந்தே போனால், துண்டு வெளியே நீட்டியிருக்கிற வரை அதன்மேல் நட்டை வைத்து வெல்டு அடிப்பதுதான் என் முதல் தேர்வு. வெல்டு சூடும் துருவை உடைக்க உதவும். பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டுச் செய்யுங்கள். ஈஸி அவுட் எனக்குப் பிடிப்பதில்லை. பெயர்தான் ஈஸி. அது உள்ளே ஒடிந்தால் சாதாரண டிரில் பிட் அதைத் தொடக்கூட முடியாது.

இவ்வளவும் தெரிந்தவர்கள்தான் நாம். ஆனாலும் பைப்பை எடுக்கிறோம், ஏனென்றால் எண்ணெய் ஊறும் நேரத்துக்கு யாரும் கூலி தருவதில்லை. வண்டிக்காரர் வாசலிலேயே நிற்கிறார். ஸ்டட் முறிந்த பிறகு கேட்கும் கூடுதல் பணம் அவருக்கு ஏமாற்றாகத்தான் தெரியும். அதனால் ஒரு வேண்டுகோள்: துருவேறிய வண்டி வந்தால், ஸ்பேனரைத் தொடும் முன் எஸ்டிமேட்டில் ஒரு வரி சேருங்கள். ‘ஸ்டட் முறியலாம், ஒருநாள் ஊற வேண்டும், அதற்குக் கூலி இவ்வளவு.’ கையெழுத்தும் வாங்கிக்கொள்ளுங்கள்.