கொலை பண்ண வந்த டைரக்டர்!

எந்த காலேஜா இருந்தாலும் கிளாஸுக்கு ஒரு 'குறும்பட டைரக்டர்' கட்டாயம் இருப்பார். கழுத்தில் கேமரா, பேச்சுக்குப் பேச்சு சத்யஜித் ரே. கள்ளக்குறிச்சி ஆளா இருந்தா லொக்கேஷனைக் கேட்கவே வேண்டாம். கச்சிராயபாளையம் வழியா வெள்ளிமலைக்கு பஸ் ஏறி, கல்வராயன்மலையில் ஏதாவது ஒரு அருவி முன்னாடி நிற்பார். இந்த வாரம் அவரைப் பிடிச்சு உட்கார வெச்சு 'ஜிகர்தண்டா டபுள் எக்ஸ்' போட்டுக் காட்டுங்க. ஏற்கெனவே பார்த்துட்டாரா? இன்னொரு தடவை!

2023 தீபாவளிக்கு வந்த கார்த்திக் சுப்புராஜ் படம். கதை நடப்பது 1970-களில். எஸ்.ஜே.சூர்யா ரத்தத்தைப் பார்த்தாலே நடுங்குற ஆசாமி. போலீஸ் வேலைக்கு வந்தவர், செய்யாத கொலைக்கு ஜெயிலுக்குப் போயிடறார். வெளியே வரணும்னா மதுரை தாதா சீசரைப் போட்டுத் தள்ளணும். சீசரா ராகவா லாரன்ஸ். கிளின்ட் ஈஸ்ட்வுட்டின் வெறித்தனமான ரசிகர். ஒரு நடிகர் தன் கலரைக் கிண்டல் பண்ணிட்டார்ங்கிற கடுப்பில், தானே ஹீரோவாகணும்னு டைரக்டர் தேடறார். நம்ம ஆள் 'ரே தாசன்'னு பேர் வெச்சுக்கிட்டு, ரேயோட சிஷ்யனா உள்ளே நுழையறார். சினிமாவில் அரிச்சுவடிகூடத் தெரியாது!

காமெடியே இங்கதான். ஹீரோ நிஜமாவே ஆபத்துக்குள்ள போனாதான் சீன் நிஜமா இருக்கும்னு ரே தாசன் அளந்து விடறார். 'இந்த ஷாட்லயாவது ஆள் காலியாயிடுவானா?'ங்கிற ஏக்கம் அவர் மூஞ்சியில் அப்பட்டமா தெரியுது. ஆனா, ஆள் சாகமாட்டேங்கறார்... சீன் பிரமாதமா வந்துடுது! ஃபெல்லினியோட 'எட்டரை' (1963) படத்தில் டைரக்டருக்கு அடுத்த படத்தை எப்படி எடுக்கறதுன்னே தெரியாது. இங்கே டைரக்டரே டூப்.

பின்பாதி நீளம்தான், வசனம் அங்கங்கே மைக் பிடிக்குது. ஆனாலும் கதை சீசரோட சொந்த மலைக்காட்டுக்குப் போனதும் நம்ம சிரிப்பு மெல்ல உறையுது. அந்த மலை ஜனங்க மேல துப்பாக்கி திரும்பும்போது, பொய்யா வந்த கேமரா நிஜமா ஓட ஆரம்பிக்குது. கொல்ல வந்தவர்தான் அந்தக் கொலைகளுக்குச் சாட்சி. அவர் எடுத்த ஃபிலிம் தியேட்டர் திரையில் ஜனங்க முன்னாடி ஓடுற இடத்தில், நான் பாப்கார்னைக் கீழே வெச்சுட்டேன்.

இப்போ நம்ம மலை. நாடே சுதந்திரம் வாங்கின பிறகும், 1976 வரைக்கும் கல்வராயன்மலை ஜாகீர்தார்கள் கையில் இருந்தது. மலையாளி பழங்குடி மக்கள் அவங்களுக்குக் கூலியில்லாம உழைச்சாங்க. அதை எந்த கேமரா எடுத்தது? 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் கள்ளச்சாராயம் 60 பேருக்கும் மேல் பலி வாங்கினப்போ டி.வி. கேமராக்கள் மலை ஏறின. சாராய ஊறலைக் கொட்டுறதை எடுத்துட்டு இறங்கிடுச்சு. அங்குள்ள மக்களோட வாழ்க்கை நிலை பற்றி சென்னை உயர் நீதிமன்றம் தானா முன்வந்து வழக்கு எடுத்தது அதுக்கப்புறம்தான்.

டைரக்டர் சார்! அருவி ஷாட் முடிஞ்சதும் கேமராவை மூடிடாதீங்க. பக்கத்து ஊர்ல ஒரு பாட்டி திண்ணையில் உட்கார்ந்திருப்பாங்க. ஜாகீர் காலத்தில் விளைஞ்சதெல்லாம் யார் வீட்டுக்குப் போச்சுன்னு கேட்டுப் பாருங்க. 1976-ல் பதினஞ்சு வயசா இருந்தவங்களுக்கு இப்போ அறுபதைத் தாண்டியிருக்கும், அவ்வளவுதான்.