தரச்சான்று சட்டத்திற்கு மாற்றாகுமா?

கூலிக்குத் துப்பாக்கி ஏந்தும் பாதுகாப்புக் கம்பெனிகள் இப்பொழுது தரச்சான்றையும் ஏந்தி வருகின்றன. “யாரும் கட்டாயப்படுத்தவில்லை, நாங்களே விரும்பிப் பெற்றோம்” என்று பெருமை பேசுகின்றன. நல்லது. ஆனால் இந்தச் சான்று ஏன் பிறந்தது?

2007 செப்டம்பர் 16 அன்று பாக்தாதின் நிசூர் சதுக்கத்தில், அமெரிக்க சர்க்கார் கூலிக்கு அமர்த்திய பிளாக்வாட்டர் கம்பெனியின் காவலர்கள் சுட்டதில் 17 ஈராக்கியர் மாண்டனர். அவர்களில் ஒன்பது வயதுச் சிறுவனும் ஒருவன். கொன்றவர்களை ஈராக் தன் நீதிமன்றத்தில் நிறுத்த முடியவில்லை. ஆக்கிரமிப்பு நிர்வாகத்தின் 17ஆம் எண் உத்தரவு ஒப்பந்தக் கம்பெனிகளுக்கு ஈராக்கியச் சட்டத்திலிருந்து விலக்கு அளித்திருந்தது. 2014இல் அமெரிக்க நீதிமன்றம் நான்கு பேரைக் குற்றவாளிகள் என்றது. 2020 டிசம்பரில் அன்றைய ஜனாதிபதி டிரம்ப் நால்வருக்கும் மன்னிப்பு வழங்கிவிட்டார்!

உலகெங்கும் கண்டனம் எழுந்தது. 2008இல் மாண்ட்ரோ ஆவணம் வந்தது. 2010இல் ஜெனீவாவில் 58 கம்பெனிகள் சர்வதேச நடத்தைக் கோவையில் கையெழுத்திட்டன. அதைக் கண்காணிக்க 2013இல் ஒரு சங்கம் அமைந்தது. 2015இல் ஐ.எஸ்.ஓ. 18788 என்ற தரம் வெளியாயிற்று.

சான்று பெற விரும்பும் கம்பெனி காவலர்களின் பின்னணியை விசாரிக்க வேண்டும்; பயிற்சி தர வேண்டும்; ஆயுதங்களுக்குக் கணக்கு வைக்க வேண்டும்; சூடு நடந்தால் பதிவு செய்ய வேண்டும்; பாதிக்கப்பட்டோரின் புகாரைக் கேட்க வழி செய்ய வேண்டும். பிறகு வெளித் தணிக்கையாளர் வந்து பார்ப்பார். இவையெல்லாம் வேண்டியவையே. நிசூர் சதுக்கத்துக்கு முன்பே இவை நடைமுறையில் இருந்திருக்க வேண்டும் என்பதே நம் கருத்து.

ஆயினும் தணிக்கையாளருக்குக் கூலி கொடுப்பது யார்? தணிக்கைக்கு உட்படும் கம்பெனியேதான். கோவையை மீறினால் என்ன தண்டனை? சங்கம் கம்பெனியை இடைநீக்கம் செய்யலாம்; மிஞ்சினால் வெளியேற்றலாம். மகனை இழந்த தாய்க்கு இதனால் நீதி கிடைக்குமா? சிறைக்கதவைத் திறக்கவும் மூடவும் அதிகாரம் உள்ளது சட்டத்திற்கு மட்டுமே.

துப்பாக்கி பிடிக்கும் தொழிலாளியையும் நாம் மறக்கலாகாது. நேபாளம், உகாண்டா, பெரு போன்ற நாடுகளின் ஏழை இளைஞர்களே இக்கம்பெனிகளில் குறைந்த சம்பளத்தில் காவல் நிற்கிறார்கள். 2016 ஜூன் 20 அன்று காபூலில், கனடா தூதரகக் காவலர்கள் சென்ற மினி பஸ் தற்கொலைத் தாக்குதலுக்கு இலக்காயிற்று. 14 பேர் பலியானார்கள், பெரும்பாலோர் நேபாளிகள். அந்தப் பஸ்ஸுக்குக் குண்டு துளைக்காத கவசம் கிடையாது. தூதரகத்தைக் காப்பவனுக்குக் கவசம் இல்லையென்றால், அந்தச் சேவையைத் ‘தரமானது’ என்று எந்த வாயால் சொல்வது?

வழி இல்லாமல் இல்லை. ஸ்விட்சர்லாந்து 2015இல் ஒரு சட்டத்தை அமுலாக்கியது. அங்கிருந்து அந்நிய நாடுகளில் பாதுகாப்பு வேலை செய்யும் கம்பெனி அந்த நடத்தைக் கோவையை ஏற்றே ஆக வேண்டும். நேரடிப் போரில் பங்கெடுக்கத் தடை. விருப்பமாக இருந்தது அங்கே கடமையாயிற்று. இந்தியாவிலும் 2005ஆம் ஆண்டுச் சட்டப்படி, லைசென்ஸ் பெற்ற ஏஜென்சியும் அனுமதியின்றி வெளிநாட்டில் காவல் வேலை எடுக்க முடியாது.

ஆகவே நம் கோரிக்கைகள் இவை: தரச்சான்று இல்லாத கம்பெனிக்கு எந்த சர்க்காரும் ஒப்பந்தம் தரக்கூடாது. தணிக்கைச் செலவு பொது நிதியின் வழியே செல்ல வேண்டும். காவலரின் சம்பளமும் உயிர்ப் பாதுகாப்பும் நஷ்டஈடும் தணிக்கையில் இடம்பெற வேண்டும். அவர்களது சங்கத்தின் வாக்குமூலம் கேட்கப்பட வேண்டும். குற்றம் நடந்த மண்ணின் நீதிமன்றத்திற்கு விசாரிக்கும் உரிமை வேண்டும்.

இவை நிறைவேறினால் தரச்சான்றுக்கு மதிப்புண்டு. இல்லையேல் அது டெண்டர் மனுவோடு இணைக்கும் மற்றொரு காகிதமே!