ஒரு வருஷத்துப் புளி

அமெரிக்காவிலே ஒரு வழக்கம் உண்டு. உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற கணவனும் மனைவியும் வீட்டைப் பூட்டிவிட்டு, சில சமயம் விற்றே விட்டு, ஒரு மோட்டார் வண்டியை வீடாக்கிக் கொண்டு புறப்பட்டு விடுகிறார்கள். படுக்கை, அடுப்பு, குளியலறை எல்லாம் வண்டிக்குள்ளேயே. வடக்கு மாகாணங்களில் பனி கொட்ட ஆரம்பித்ததும் தெற்கே அரிஸோனாவுக்கும் பிளாரிடாவுக்கும் ஓட்டிக் கொண்டு போய், இதற்கென்றே உள்ள வண்டிப் பூங்காக்களில் இறங்குகிறார்கள். ஒவ்வொரு வண்டிக்கும் தனித்தனியே தண்ணீரும் மின்சாரமும் உண்டு. மாலையானால் வாசலில் மடக்கு நாற்காலியைப் போட்டுக் கொண்டு அக்கம்பக்கத்து வண்டிக்காரர்களுடன் அரட்டை. வசந்தம் வந்த பிறகு மெதுவாக ஊர் திரும்புகிறார்கள். இவர்களுக்குப் 'பனிப் பறவைகள்' என்று செல்லப் பெயர்.

பக்கத்துக் கேரளத்தில்கூட இந்த ஆசை வந்து விட்டது. 2021-இல் கேரவன் சுற்றுலாத் திட்டம் ஒன்றை அறிவித்தார்கள். 2022-இல் வாகமண் மலையில் வண்டிப் பூங்காவும் திறந்து விட்டார்கள்.

"நம் ஊர்ப் பெரியவர்களுக்கு இந்தக் கொடுப்பினை ஏது?" என்று ஒரு நண்பரிடம் அங்கலாய்த்தேன்.

"பங்குனி உத்திரத்துக்கு எங்கள் ஊருக்கு வாரும், காட்டுகிறேன். என் பெரியப்பாவும் பெரியம்மாவும் பனிப் பறவைகள் அல்ல; பனைப் பறவைகள்!" என்றார் அவர்.

அவருடைய ஊர் பனவடலிசத்திரம்.

★

திருநெல்வேலியில் சங்கரன்கோவில் பஸ் ஏறி, மானூர், தேவர்குளம் எல்லாம் தாண்டிப் போனால் பனவடலிசத்திரம் வரும். 2019-இல் தென்காசி தனி மாவட்டமானதும் சங்கரன்கோவில் வட்டாரம் முழுவதும் அதனோடு சேர்ந்து விட்டது. வடலி என்றால் இளம் பனை. சத்திரத்துக்கு அர்த்தம் சொல்ல வேண்டியதில்லை. பனை நிழல் ஒரு நிழலா என்று யாராவது கேட்டு விடுவார்களோ என்று பயந்து, ஊரின் பெயரிலே சத்திரத்தையும் சேர்த்து வைத்தார்கள் போலும்!

வழியெல்லாம் காற்றாலைகள் கையைக் கட்டிக் கொண்டு நின்றன. ஆனி, ஆடிக் காற்று வந்தால்தான் அவற்றுக்கு வேலை. பனைகளுக்கோ இதுதான் வேலைக் காலம். பாளை சீவி, சுண்ணாம்பு தடவிய கலயம் கட்டி, பதநீர் இறக்கத் தொடங்கும் பருவம்.

நண்பரின் பெரியப்பா போஸ்ட் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வயது 71. பெரியம்மாவுக்கு 66, ஊரே 'ஆச்சி' என்று கூப்பிடுகிறது. நான் போனபோது திண்ணையில் ஒரு மாநாடே நடந்து கொண்டிருந்தது. ஒரு பக்கம் ஆச்சியும் அண்டை வீட்டுப் பெண்கள் நாலு பேரும் புளியைத் தட்டிக் கொட்டை எடுத்துக் கொண்டிருந்தார்கள். மறு பக்கம் பெரியவரும், ஓய்வு பெற்ற கண்டக்டர் ஒருவரும் ஆடு புலி ஆட்டத்தில் மூழ்கியிருந்தார்கள். கண்டக்டர் ஒவ்வொரு காயை நகர்த்தும்போதும் பழைய பழக்கத்தில் "ரைட்!" என்றார்.

"வாங்க தம்பி. பதநீர் குடிங்க" என்று உபசரித்தார் ஆச்சி.

முறத்தில் குவிந்திருந்த புளியைப் பார்த்து, "எவ்வளவு இருக்கும்?" என்று கேட்டு வைத்தேன்.

"பத்துக் கிலோ இருக்கும்."

"அடேயப்பா!" என்றேன். பக்கத்து வீட்டு அம்மாள் ஒருத்தி ஆச்சியின் முகத்தைப் பார்த்தாள். ஆச்சி புளியைப் பார்த்தார். எனக்கு அப்போது ஒன்றும் விளங்கவில்லை.

★

மறுநாள் மத்தியானம் வேன் வந்து விட்டது. அரிசி, வெல்லம், பொங்கல் பானை, ஜமக்காளம், பாய், தார்ப்பாய், தண்ணீர்க் குடம், விசிறி, பேரன் பேத்திகளுக்கு முறுக்கு டின், எல்லாம் ஏறின. ஏறக்குறைய ஒன்றரை மணி நேரப் பிரயாணம், மேற்கே மலையடிவாரத்துச் சாஸ்தா கோயிலுக்கு.

மற்ற ஊர்களில் பங்குனி உத்திரம் என்றால் முருகன் ஞாபகம் வரும். இந்தச் சீமையிலோ அது சாஸ்தாவின் நாள். பிழைக்கப் போன பிள்ளைகளெல்லாம் சென்னை, பம்பாய் என்று எங்கே இருந்தாலும், அன்றைக்குக் குலதெய்வத்தின் கோயிலுக்கு வந்து சேர வேண்டும். அந்தச் சாமியோ ஊருக்குள்ளே இருப்பதில்லை. குளக்கரையில், ஆற்றோரத்தில், காட்டுக்குள்ளே போய் உட்கார்ந்திருக்கும். ஆகவே போனவர்கள் தங்கித்தான் ஆக வேண்டும். ஒரே சாஸ்தாவுக்குப் பல சாதிக் குடும்பங்கள் பாத்தியதை என்பது இன்னொரு விசேஷம்.

நாங்கள் போய் இறங்கியபோது மருத மரங்களின் கீழே வேன்களும் கார்களும் டிராக்டர்களும் வரிசை பிடித்து நின்றன. வண்டிக்கும் மரத்துக்கும் நடுவே தார்ப்பாயைக் கட்டியதும் அது வீடாகி விட்டது! எதிர் வேனில் சாம்பார் கொதித்தால் வாசனை நமக்கு. நம் வேனில் காப்பி கலந்தால் டம்ளர் அவர்களுக்கு. "போன வருஷம் பார்த்தது, மகளுக்குக் கல்யாணம் ஆயிட்டா?" என்று ஒரு குரல். "ஆயி, பேரனும் பிறந்தாச்சு!" என்று பதில்.

"அந்தக் காலத்தில் இது பூராவும் கூண்டு வண்டியா நிக்கும் தம்பி" என்றார் பெரியவர். "மாட்டை அவிழ்த்துக் கட்டிட்டு வண்டிக்குக் கீழே படுத்துக்கிடுவோம். ஆடி அமாவாசைக்குக் காரையாறு சொரிமுத்து ஐயனார் கோயிலுக்குப் போனா, குடில் போட்டு நாள் கணக்கா கிடப்போம். இப்ப அது புலிக் காடு. சில நாளைக்குத்தான் தங்க விடுதாவ."

அப்போதுதான் எனக்குப் புத்தியில் உறைத்தது. அமெரிக்கர்கள் வண்டிப் பூங்கா என்கிறார்களே, அதற்கு நம்மிடம் எத்தனையோ தலைமுறையாக ஒரு பெயர் இருக்கிறது: வண்டிப்பேட்டை! நடந்து வருகிறவர்களுக்குச் சத்திரம். வண்டியில் வருகிறவர்களுக்குப் பேட்டை. 1689-லிருந்து மதுரையை ஆண்ட ராணி மங்கம்மாள் சாலை போட்டதோடு சத்திரமும் கட்டினாள். மதுரை ரயில் நிலையத்துக்கு எதிரே அவள் பெயரில் உள்ள சத்திரத்தைப் பார்க்காத பிரயாணி யார்?

★

இரவு சாப்பாடு முடிந்தது. உத்திரத்துக்கு முந்தின நாள் நிலவு மரக் கிளைகளின் வழியே இறங்கிக் கொண்டிருந்தது. பெரியவரும் ஆச்சியும் ஜமக்காளத்தில் அருகருகே உட்கார்ந்திருந்தார்கள். வெகு நேரம் ஒருவரோடு ஒருவர் பேசவே இல்லை.

"நீங்கள் கொடுத்து வைத்தவர்கள்" என்றேன்.

பெரியவர் சிரித்தார். "தம்பி, ஒண்ணு சொல்லுதேன். எங்க ரெண்டு பேருக்கும் வருஷத்துல ஒரு மாசந்தான் குடித்தனம்."

நான் திடுக்கிட்டுப் போனேன்.

மூத்த மகன் சென்னையில். அவனும் மருமகளும் வேலைக்குப் போகிறவர்கள். கைக்குழந்தையைப் பார்த்துக் கொள்ள ஆச்சி அங்கே போனார். இளையவன் கோயம்புத்தூரில். அவன் மகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டு அழைத்து வரப் பெரியவர் அங்கே போனார். "முதல்ல ஆறு மாசத்துக்குன்னுதான் பேச்சு. நாலு வருஷம் ஓடிப் போச்சு" என்றார். பங்குனி மாதம் மட்டும் சம்பந்தியம்மாள்கள் இருவரும் குழந்தைகளைப் பார்த்துக் கொள்ள, இவர்களுக்கு லீவு!

"தினமும் போனில் பேசுவீர்கள் அல்லவா?"

"பேசாம என்ன? 'மாத்திரை போட்டீங்களா?' 'போட்டேன்.' 'சாப்பிட்டியா?' 'சாப்பிட்டேன்.' அவ்வளவுதான். நாப்பத்திரண்டு வருஷம் சேர்ந்து இருந்தவங்க ஓயாம பேசிக்கிட்டா இருப்பாவ? பாதி நேரம் சும்மாதானே உக்காந்திருப்போம். சும்மா உக்காந்திருக்கதுக்குப் போனில வழி இல்லையே தம்பி!"

ஆச்சி மெல்லச் சொன்னார்: "ஐப்பசியில எனக்குக் கண் ஆபரேஷன். அப்பா கவலைப்படுவாவன்னு பிள்ளைங்க சொல்லாம விட்டுட்டாவ. பங்குனிக்கு வந்து என் மூஞ்சியைப் பார்த்துத்தான் இவுக கண்டுபிடிச்சாவ. யார் மேல கோவிச்சுக்க? எல்லாரும் நல்லவுகதான்."

எனக்கு ஒரு பழைய சினிமா ஞாபகம் வந்தது. பி. ஆர். பந்துலு 1958-இல் கன்னடத்தில் 'ஸ்கூல் மாஸ்டர்' என்றும், தமிழில் 'எங்கள் குடும்பம் பெரிசு' என்றும் எடுத்த கதை. வயதான ஆசிரியரையும் மனைவியையும் பிள்ளைகள் ஆளுக்கொருவராகப் பங்கு போட்டுக் கொள்வார்கள். அதைப் பார்த்துக் கொட்டகையே அழுதிருக்கும். சினிமாவில் பிள்ளைகள் கெட்டவர்கள். ஆகையால் அழுவது சுலபம். இங்கே யாரும் கெட்டவர்கள் இல்லையே!

2011 ஜனத்தொகைக் கணக்குப்படி நம் தேசத்தில் அறுபது வயதுக்கு மேற்பட்டவர்கள் 10 கோடிக்கு மேல். பெற்றோர் பராமரிப்புக்காக 2007-இல் ஒரு சட்டமே வந்திருக்கிறது. சோறு, துணி, ஜாகை, வைத்தியம் ஆகிய நாலையும் அந்தச் சட்டத்தின்படி பிள்ளைகளிடம் கேட்டு வாங்கலாம். ஆனால், 'கிழவனையும் கிழவியையும் பிரித்து வைக்காதே' என்று கேட்பதற்கு எந்தக் கோர்ட்டுக்குப் போவது?

★

மறுநாள் காலை மூத்தவன் பொதிகை எக்ஸ்பிரஸில் சங்கரன்கோவிலில் இறங்கி, நேரே கோயிலுக்கு வந்து விட்டான். இளையவனும் குடும்பத்தோடு காரில் வந்தான். பொங்கல் பொங்கியது, குலவைச் சத்தம் காதைப் பிளந்தது. குழந்தைகள் ஒரு வேனிலிருந்து இன்னொரு வேனுக்கு ஓடி, யார் வீட்டுப் பிள்ளை எங்கே சாப்பிட்டது என்றே தெரியவில்லை.

சாயங்காலம் எல்லோரும் பனவடலிசத்திரம் திரும்பினோம். மூத்தவன் தண்ணீர் குடிக்க அடுக்களைக்குப் போனவன், "என்னம்மா இது, இவ்வளவு புளி?" என்று கேட்டான்.

"வருஷத்துக்கு" என்றார் ஆச்சி.

"யாருக்கு?"

"எங்க ரெண்டு பேருக்கு."

வீடு சத்தமில்லாமல் போயிற்று. புளியின் அர்த்தம் எனக்கு அப்போதுதான் விளங்கியது. ஒரு மாதக் குடித்தனத்துக்குப் பத்துக் கிலோ புளி எதற்கு?

"அப்ப குழந்தையை யாரும்மா பார்ப்பா?" என்றான் மகன். கோபமாகக் கேட்கவில்லை, நிஜமாகவே வழி தெரியாமல் கேட்டான்.

"அது கஷ்டந்தான்யா. எனக்குத் தெரியாதா? கோடை லீவுக்குப் பிள்ளைங்களை இங்க கொண்டு வந்து விடுங்க. ஆடித் தபசுக்கு நீங்க எல்லாரும் வாங்க. தீபாவளிக்கு நாங்க வாறோம். ஆனா, வந்தா ரெண்டு பேராத்தான் வருவோம். இனிமே ஒருத்தரா வர மாட்டோம்."

மகன்கள் இருவரும் தகப்பனார் முகத்தைப் பார்த்தார்கள். பெரியவர் சற்று நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு ஆச்சியிடம், "புளியில உப்பைப் போட்டு நல்லா அமுக்கி வை. இல்லேன்னா மழைக்காலத்துல கெட்டுப் போகும்" என்றார்.

மழைக்காலம் ஐப்பசியில் அல்லவா வரும்!

★

சித்திரையில் நண்பரிடம் விசாரித்தேன். மூத்த மருமகளுக்குக் கொஞ்ச நாள் வருத்தந்தான். குழந்தையைக் காப்பகத்தில் சேர்த்திருக்கிறார்கள்; மாதாமாதம் அந்தச் செலவு கையைக் கடிக்கிறது. கோயம்புத்தூர்ப் பேத்தி லீவுக்கு வந்து, தினமும் நுங்கு தின்று கொண்டு, ஊருக்குத் திரும்ப மாட்டேன் என்று அடம் பிடிக்கிறாளாம். திண்ணையில் ஆடு புலி ஆட்டம் தொடர்ந்து நடக்கிறது. ஆட்டம் முடிந்த பிறகும், கண்டக்டர் வீட்டுக்குப் போன பிறகும், கணவனும் மனைவியும் பேசாமல் உட்கார்ந்திருக்கிறார்களாம்.

அமெரிக்கப் பனிப் பறவைகளிடம் நான் பொறாமைப்பட்டது அந்த வண்டிக்காக அல்ல என்று இப்போது தெரிகிறது. வண்டியின் முன் ஆசனத்தில் இருவர் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து போகிறார்களே, அதற்காகத்தான்.

உங்கள் வீட்டில் எப்படி? அம்மா ஓர் ஊரிலும் அப்பா ஓர் ஊரிலும் இருக்கிறார்களா? அவர்களாக ஒன்றும் சொல்ல மாட்டார்கள். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது, அடுக்களைக்குப் போய்ப் புளிப் பானையை ஒரு தடவை திறந்து பாருங்கள்.