பெற்றோர் அறிய வேண்டிய மூன்று ஆண்டுகள்

பிள்ளையை ஒன்றாம் வகுப்பில் சேர்க்கும்போது பெற்றோருக்கு ஆர்வம் உண்டு. பத்தாம் வகுப்புத் தேர்வின்போது அச்சம் உண்டு. இடையிலுள்ள ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புகளைத்தான் பலரும் பொருட்படுத்துவதில்லை.

எங்கள் ஜெகதாப்பட்டினத்தில் தந்தை விசைப்படகில் கடலுக்குப் போய்விடுவார். வீட்டுப் பாரம் தாயின் தலையில். "பையன் பாஸாகிவிட்டான்" என்ற செய்தியே அவர்களுக்குப் போதும். ஆனால் தமிழகத்தில் எட்டாம் வகுப்பு வரை எவரையும் அதே வகுப்பில் நிறுத்தி வைப்பதில்லை. ஆகவே அந்தத் தேர்ச்சி, கற்றதற்குச் சான்றாகாது. வாசிப்பும் வகுத்தலும் வராத பிள்ளை ஒன்பதாம் வகுப்பில் திகைக்கிறான், கரையில் கூலிவேலை காத்திருக்கிறது, படிப்பு நின்றுவிடுகிறது.

எட்டாம் வகுப்பில்தான் தேசிய வருவாய்வழி மற்றும் திறன் படிப்புதவித்தொகைத் தேர்வு நடைபெறுகிறது. ஆண்டு வருமானம் 3.5 லட்சம் ரூபாய்க்கு மிகாத குடும்பத்துப் பிள்ளை அதில் தேர்வு பெற்றால், 9 முதல் 12 வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய் கிடைக்கும். 2020 இல் வந்த 7.5 விழுக்காடு மருத்துவ ஒதுக்கீடும், 2022 இல் வந்த புதுமைப் பெண் திட்டமும் ஆறாம் வகுப்பிலிருந்தே அரசுப் பள்ளிப் படிப்பைக் கணக்கிடுகின்றன.

எழுதப் படிக்கத் தெரியாத பெற்றோர் என்ன செய்ய இயலும்? தினம் ஒரு பக்கம் உரக்கப் படிக்கச் சொல்லிக் கேட்கலாம். தடுமாற்றம் எந்தக் காதுக்கும் புரியும். 1991 இல் தொடங்கிய அறிவொளி இயக்கத்தில் தாய்மார்கள் எழுத்தோடு சைக்கிளும் கற்ற மாவட்டமல்லவா இது!

முதல் தலைமுறையாகக் கல்லூரி வாசலை மிதித்த நாம்தான் இதை வீடுதோறும் சொல்ல வேண்டும். நண்பர்களே, இந்த விடுமுறையிலேயே தொடங்குவோமா?