விமானியின் இல்லறம்

மானாம்பதி போன்ற நம் ஊர்ப்புறங்களில் பெண்ணுக்கு வரன் தேடும் பெற்றோரிடம், "பையன் விமானப்படையில் விமானி" என்று ஒருவர் சொன்னால், உடனே எழும் கேள்வி, "பயிற்சியெல்லாம் முடிந்துவிட்டதல்லவா?" என்பதே. கேள்வி நியாயமானதே. ஆனால், "ஆம்" என்ற விடையை மட்டும் நம்பி மகளை அனுப்பிவிடுதல் போதாது.

விமானப்படையில் விமானியாகச் சேர்வோர் 25 வயதுக்குட்பட்டவராயின் மணமாகாதவராயிருத்தல் வேண்டும். பயிற்சிக் காலத்தில் மணம் புரிந்தால் நீக்கப்படுவர். அரசு செலவிட்ட தொகையையும் திருப்பிச் செலுத்த நேரிடும். எனவே மனைவி வந்து சேரும்போது பயிற்சி முடிந்துவிட்டதென்றே ஊரார் எண்ணுவர். உண்மை அதுவன்று. ஒரு வகை விமானத்திலிருந்து வேறு வகைக்கு மாறும்போதெல்லாம் விமானி மீண்டும் மாணவராகிறார். பிறருக்குக் கற்பிக்க வேண்டுமாயின் அதற்கும் தனிப் பள்ளி உண்டு. 1948இல் அம்பாலாவில் தொடங்கி, 1954இல் நமக்கு வடகிழக்கேயுள்ள தாம்பரத்துக்கு வந்த விமானப் பயிற்றுநர் பள்ளி அதுவே. பறந்து பழகியவர்களே அங்கு மாணவர்கள். வடக்கே அரக்கோணத்தில், 1992இல் தொடங்கப்பட்ட ராஜாளி தளத்தில் கடற்படையின் ஹெலிகாப்டர் பயிற்சிப் பள்ளி இயங்குகிறது. கடற்படையின் முதல் பெண் ஹெலிகாப்டர் விமானி 2024 ஜூனில் தேர்ச்சி பெற்றது அங்கேதான். ஆகவே இனி வீட்டில் காத்திருப்பவர் கணவராகவும் இருக்கலாம்.

காத்திருப்போரின் அச்சம் வீண் அச்சமன்று. 2023 டிசம்பர் 4 அன்று, ஐதராபாத்தை அடுத்த துண்டிகல் விமானப்படை அகாடமியிலிருந்து எழும்பிய பயிற்சி விமானம் மேடக் மாவட்டத்தில் விழுந்தது. கற்றவரும் கற்பித்தவரும் ஒருங்கே மாண்டனர். பயிற்சி முடித்தவர் என்பதனால் ஆபத்து விலகிவிடுவதில்லை.

இந்நிலையில் இளம் மனைவிக்குப் பெரியோர் கூறும் அறிவுரை ஒன்றுண்டு: "அவர் மனம் கலங்கும்படி எதையும் சொல்லாதே அம்மா." இதில் பாதி உண்மை. நோய், மருந்து, மனச்சுமை, மது, களைப்பு ஆகியவற்றுள் ஏதேனும் தன்னிடம் உண்டா என்று பறக்குமுன் தன்னையே சோதித்துக்கொள்ள விமானி கற்பிக்கப்படுகிறார். முன்னிரவில் மூண்ட சண்டை மறுநாள் காலையில் அவரோடு விமானத்தில் ஏறிவிடக்கூடும். ஆனால் மறுபாதியையும் எண்ணிப் பாருங்கள். குழந்தையின் காய்ச்சல், மாமியாரின் சுடுசொல், கடன், தன் அச்சம் என யாவற்றையும் ஆண்டுக்கணக்கில் விழுங்குபவள் அமைதியாய் இருப்பவள் அல்லள், தனியே இருப்பவள். பேசாதிருத்தல் வேறு, நேரமறிந்து பேசுதல் வேறு. பறத்தல் இல்லாத நாளில் இருவரும் மனம்விட்டுப் பேச ஒரு நேரத்தை ஒதுக்கிக்கொள்வது நலம்.

கணவருக்கும் இதில் கடமை உண்டு. "இன்று நான் சரியாகச் செய்யவில்லை" என்று வீட்டில் சொல்லக் கூசுபவர், "இன்று நான் பறக்கும் நிலையில் இல்லை" என்று மேலதிகாரியிடம் எங்ஙனம் சொல்லுவார்? அச்சொல் ஓர் உயிரையே காக்கக்கூடும். தோல்வியை ஒளிக்காமல் சொல்ல இடந்தரும் வீடே விமானிக்கு முதல் பாதுகாப்பு.

பெற்றோரே, உற்றாரே, விபத்துச் செய்தி வந்தவுடன் அவளை அழைத்து, "உன் வீட்டுக்காரர் எங்கே?" என்று பதறாதீர்கள். மொழி தெரியாத வடநாட்டுத் தளத்தில் அவள் பிள்ளை பெற்றிருக்கும்போது, சென்று ஒரு மாதம் உடனிருங்கள். 1920இல் திருத்தந்தை 15ஆம் ஆசீர்வாதப்பர் லொரேத்தோ அன்னையை விமானிகளின் பாதுகாவலியாக அறிவித்தார். அந்த அன்னையிடம் வேண்டுவது நன்று. வேண்டிவிட்டு மகளைத் தனியே விட்டுவிடுவது நன்றன்று.

வரன் பார்க்கையில் "பயிற்சி முடிந்ததா?" என்று கேட்பதோடு, "பையன் மனம்விட்டுப் பேசுவாரா?" என்றும் கேளுங்கள். முன்னதற்கு விடை எதுவாயினும், இல்லறம் நிலைப்பது பின்னதைப் பொறுத்தே.