விலையைக் குறைத்தோம், மதிப்பையும் குறைத்தோமா?



விருதுநகரில் பங்குனிப் பொங்கலை ஒட்டி நடைபெறும் பொருட்காட்சியை நம் பகுதியினர் அனைவரும் அறிவர். ஓர் ஆண்டு நாமும் மஃரிப் தொழுகைக்குப் பின் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு சென்றிருந்தோம். ராட்டினம், அப்பளக் கடை, பிளாஸ்டிக் சாமான்கள் எல்லாம் கடந்து வரிசை முடியும் இடத்தில், ஒரு தார்ப்பாயின் கீழ், இளைஞர் ஒருவர் தாம் வரைந்த ஓவியங்களைத் தட்டியில் சாய்த்து வைத்து விற்றுக்கொண்டிருந்தார். அவற்றுள் ஒன்று நம்மை நிறுத்திவிட்டது. பஜார் நடுவே இருக்கும் தெப்பக்குளமும், அதன் படிகளில் சாயும் மாலை வெயிலும். நாள்தோறும் கடந்து செல்லும் குளத்தை அன்றுதான் பார்த்தோம் என்று சொன்னால் மிகையாகாது.

விலை கேட்டோம். தொள்ளாயிரம் என்றார். நாம் முந்நூறு என்றோம். அவர் தயங்கினார். அருகில் நின்ற ஒருவர், "இதைவிடப் பெரிய படம் காலண்டர்ல சும்மாவே கிடைக்குமே தம்பி" என்று சிரித்தார். இளைஞர் முகம் சுருங்கியது. "சரி பாய், நீங்களே பார்த்துக் குடுங்க" என்றார். நானூறு ரூபாய் கொடுத்தோம். நல்ல வியாபாரம் என்ற மகிழ்ச்சி வாகனம் நிறுத்துமிடம் வரைகூட நிலைக்கவில்லை. படத்தைப் பொதிந்துகொண்டிருந்தபோது நாம் கேட்டதற்கு அவர் சொன்ன கணக்கு அதற்குள் மனத்தில் ஓடத் தொடங்கியிருந்தது. சட்டத்துக்கும் கண்ணாடிக்கும் இருநூற்று முப்பது. தாளுக்கும் வண்ணத்துக்கும் அறுபது. மீதி நூற்றுப் பத்து ரூபாய். அதுதான் மூன்று நாள் உழைப்பின் கூலி. கடை வாடகையை அவர் அக்கணக்கில் சேர்க்கவே இல்லை.

அவருடைய தாயார் பட்டாசு ஆபீஸில் சரம் பின்னியவர் என்பதையும் அன்றே அறிந்தோம். 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சரவெடிக்கும் பேரியம் உப்புக்கும் தடை விதித்தபின் அந்தக் கைவேலை நின்றுபோனது. இந்த இளைஞருக்கும் ஆபீஸில் வேலை தருவதாக ஒருவர் அழைத்திருந்தார். தாயார்தான் வேண்டாம் என்று தடுத்துவிட்டாராம். ஏன் என்று நம் பகுதியில் யாரும் கேட்கமாட்டார்கள். 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் முப்பதுக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. 2021 பிப்ரவரியில் அச்சன்குளம், 2024 மே மாதத்தில் செங்கமலப்பட்டி. அந்த ஊர்ப் பெயர்களே போதும்.

ஆகவே, நாம் குறைத்த ஐந்நூறு ரூபாய் வெறும் ஐந்நூறு ரூபாய் அன்று. வெடிமருந்தை விட்டு விலகி வேறொரு வாசலைத் தட்டிப் பார்த்த ஒரு குடும்பத்திடம், அந்த வாசல் திறக்காது என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறோம்.

இங்கே நாம் ஓர் உண்மையை ஒப்புக்கொள்ள வேண்டும். ஓவியத்துக்கு விலை கொடுக்கும் பழக்கம் நம் மாவட்டத்தில் வளராமல் போனதற்குக் காரணம் வறுமை மட்டுமன்று. படம் இலவசமாக வரும் ஊர் இது. 1920களில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்தார்கள். தீப்பெட்டிக்கு லேபிள் தேவைப்பட்டது. லேபிளுக்காக அச்சகம் வந்தது. அச்சகத்துக்குப் படம் தேவைப்பட்டது. அண்டை ஊரான கோவில்பட்டியில் வாழ்ந்த சி. கொண்டையராஜுவும் அவருடைய மாணவர்களும் வரைந்த படங்கள் சிவகாசியில் அச்சாகி நாடெங்கும் சுவர்களில் தொங்கின. இன்றும் ஆடிப் பெருக்கன்று அடுத்த ஆண்டுக் காலண்டர் ஆல்பங்கள் வெளியாகின்றன. ஆண்டு இறுதியில் நகைக் கடையும் மளிகைக் கடையும் அவற்றை நம் கையில் கொடுக்கின்றன. ஹிஜ்ரி தேதியும் தொழுகை நேரங்களும் அச்சிட்ட காலண்டர்கள் நம் வீடுகளிலும் உண்டு.

இது நம் மண்ணின் பெருமை, குறை சொல்வதற்கில்லை. எனினும், மூலப் படத்தை வரைந்தவருக்குப் பெரும்பாலும் ஒருமுறைத் தொகை கிடைத்தது. அதன்பின் அது எத்தனை ஆயிரம் பிரதிகளாகப் பெருகினாலும் அவருக்கும் அதற்கும் தொடர்பு இருக்கவில்லை. பிரதியை இலவசமாகப் பெற்றுப் பழகிய நாம், மூலத்தையும் பிரதியின் விலைக்கே கேட்கிறோம். பொருட்காட்சியில் சிரித்தவரின் சொல்லில் இருந்தது இந்தப் பழக்கமே. அவர் வாய்விட்டுச் சொன்னார். நாம் பேரம் பேசிச் சொன்னோம். அவ்வளவுதான் வேறுபாடு.

பேரம் பேசுவது பாவமா என்று சிலர் கேட்கலாம். இல்லை. நபி (ஸல்) அவர்களே ஜாபிர் (ரலி) அவர்களிடம் பயண வழியில் ஓர் ஒட்டகத்தை விலை பேசி வாங்கினார்கள் என்பது புகாரி, முஸ்லிம் இரண்டிலும் இடம்பெற்ற செய்தி. ஆனால் அச்செய்தி பேரத்தோடு முடியவில்லை. மதீனா வந்து சேர்ந்ததும் பேசிய தொகையை முழுமையாகக் கொடுத்து, அதற்கு மேலும் கொடுத்து, அந்த ஒட்டகத்தையும் அவரிடமே திருப்பித் தந்துவிட்டார்கள். நாம் முதல் பாதியை மட்டும் சுன்னத்தாக எடுத்துக்கொண்டோம்.

மத்யன் நகர மக்களுக்கு ஷுஐப் (அலை) அவர்கள் செய்த உபதேசத்தைத் திருக்குர்ஆன் அல்அஃராஃப், ஹூத், அஷ்ஷுஅரா ஆகிய அத்தியாயங்களில் எடுத்துரைக்கிறது. அளவையையும் நிறுவையையும் நிறைவாகக் கொடுக்கச் சொன்னதோடு அது நிற்கவில்லை. மக்களுடைய பொருள்களை அவர்களுக்குக் குறைத்துவிடாதீர்கள் என்றும் அது கட்டளையிடுகிறது. விற்பவன் எடையைக் குறைப்பது மட்டுமே இதில் அடங்கும் என்று எண்ணிவிடக் கூடாது. ஒருவனுடைய இல்லாமையை அறிந்துகொண்டு அவன் பொருளின் மதிப்பை வாங்குபவன் குறைப்பதும் இதில் சேரும் என்றே நாம் கருதுகிறோம்.

வாங்குபவருக்கு மட்டும் உபதேசம் செய்துவிட்டு நிறுத்துவது நீதியாகாது. விற்பவருக்கும் கடமை உண்டு. விற்பவரும் வாங்குபவரும் உண்மை பேசிக் குறையைத் தெளிவுபடுத்தினால் அவ்வணிகத்தில் பரக்கத் உண்டு. மறைத்தால் அது அழிக்கப்படும் என்பது ஹகீம் பின் ஹிஸாம் (ரலி) அறிவிக்கும் நபிமொழியின் கருத்து. இன்று கணினியில் அச்சிட்ட கேன்வாஸின் மீது நான்கு தீற்றல் வண்ணம் பூசிக் கைவேலை என்று விற்பவர்கள் இருக்கிறார்கள். இணையத்தில் கிடைத்த பிறர் படத்தைப் பார்த்து அப்படியே வரைந்து தம் கற்பனை என்று சொல்பவர்களும் உண்டு. தானியக் குவியலுக்குள் கைவிட்டு உள்ளே ஈரத்தைக் கண்ட நபி (ஸல்) அவர்கள், அதை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கலாகாதா என்று அந்த வணிகரைக் கேட்டார்கள். அச்சு எனில் அச்சு என்று எழுதி வையுங்கள். நீர்வண்ணம் நேர் வெயிலில் மங்கும் எனில் அதையும் சொல்லிக் கொடுங்கள். சொன்னதால் ஒரு படம் விற்காமல் போகலாம். சொல்லாததால் அடுத்தடுத்த ஆண்டுகள் அந்தக் கடைக்கே ஆள் வராமல் போகும்.

படம் வரையலாமா என்ற கேள்வியையும் நாம் தவிர்க்கவில்லை. உயிருள்ளவற்றின் உருவத்தை வரைவது குறித்து அறிஞர்களிடையே விரிவான பேச்சு உண்டு. அதைத் தீர்த்துவைப்பது இக்கட்டுரையின் வேலையன்று. ஆனால், தம் கைத்தொழிலே உருவம் வரைவது என்று சொல்லிவந்த ஒருவருக்கு இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் கூறிய வழியை எண்ணிப் பாருங்கள். எச்சரித்ததோடு அனுப்பிவிடவில்லை. மரத்தையும் உயிரற்றவற்றையும் வரைந்துகொள் என்று அவருடைய பிழைப்புக்கு வேறொரு கதவைத் திறந்துவிட்டார்கள். கரிசல் காடும் ஒற்றைப் பனையும், சதுரகிரி மேல் திரளும் மேகமும், அரபு எழுத்தணியும் தமிழ் எழுத்தணியும், நம் பழைய பள்ளிவாசல்களின் கல்தூண் வேலைப்பாடும் என வரைவதற்கு எத்தனை இருக்கின்றன! தடுக்கப்பட்டதைச் சொல்லும் நேரத்தில் பாதியையாவது அனுமதிக்கப்பட்டதை வாங்குவதற்குச் செலவிடுகிறோமா?

திறந்தவெளியில் கலையை விற்பது புதிய செய்தியுமன்று. தாயிஃப் அருகே கூடிய உக்காழ் சந்தையில் சரக்கோடு கவிதையும் அரங்கேறியது. 1930களின் பெருமந்தக் காலத்தில் நியூயார்க்கின் வாஷிங்டன் சதுக்கத்தைச் சுற்றிய நடைபாதைகளில், பிற்காலத்தில் உலகப் புகழ் பெற்ற ஜாக்சன் பொலாக் உள்ளிட்ட ஓவியர்கள் தம் படங்களை விற்க நின்றார்கள். அந்தக் கண்காட்சி இன்றும் தொடர்கிறது. பெங்களூரில் சித்ரகலா பரிஷத் ஆண்டுதோறும் ஜனவரியில் நடத்தும் சித்திரச் சந்தைக்காகக் குமர கிருபா சாலையே ஓவியக் கடையாக மாறுகிறது. தமிழகம் முழுவதிலிருந்தும் ஓவியர்கள் அங்கே ரயிலேறிச் செல்கிறார்கள். சிவகாசிக்குப் படம் கொடுத்த மண்ணிலிருந்து, படம் விற்கப் பெங்களூர் போக வேண்டியிருக்கிறது.

நம் சமுதாயத்திலேயே ஒரு பாடம் இருக்கிறது. பத்தமடைப் பாயை நெய்பவர்களில் பெரும்பாலோர் நம் சகோதரிகளே. தாமிரபரணிக் கரைக் கோரையைக் கீறி, ஊறவைத்து, பட்டுப்போல் மடியும்படி அவர்கள் நெய்த பாய் புவிசார் குறியீடு பெற்றது. ஆனாலும் வாங்குபவரை நேரில் காணாத நெசவாளிக்குக் கிடைப்பது கூலி மட்டுமே. செய்தவரும் வாங்குபவரும் முகம் பார்த்துப் பேசும் இடம் வேண்டும். கோடைச் சந்தையின் பயன் அதுதான்.

ஆகவே ஒரு கோரிக்கையை முன்வைக்கிறோம். வரும் கோடை விடுமுறையில் விருதுநகரிலோ சிவகாசியிலோ நம் ஜமாஅத்துகள் இரண்டு மாலைகளுக்கு ஓர் ஓவியச் சந்தையை ஏற்பாடு செய்யட்டும். பள்ளிவாசலுக்குள் விற்பனை கூடாது என்பது நாம் அறிந்ததே. பள்ளிக்கூட மைதானமோ திருமண மண்டபத்தின் வெளிமுற்றமோ போதும். அக்னி நட்சத்திர வெயிலில் பகலில் நிற்க வேண்டாம். அஸருக்குப் பின் தொடங்கி, தொழுகைகளுக்கு இடைவெளி விட்டு, இஷாவோடு முடிக்கலாம். நிழலுக்குப் பந்தல், கோடைக் காற்றில் தட்டிகள் சாயாமலிருக்க மணல் மூட்டை, திடீர் மழைக்குத் தார்ப்பாய். இவ்வளவே செலவு. கடை வாடகை வாங்க வேண்டாம். மதம் பார்க்காமல் எல்லா ஓவியர்களையும் அழையுங்கள். நம் வீட்டுப் பெண் பிள்ளைகளின் எழுத்தணிக்கும் ஓர் இடம் ஒதுக்குங்கள். இறைவசனம் எழுதிய படம் என்றால் அதைத் தரையில் வைக்காமல் உயரத்தில் மாட்டவும், கண்ணியத்தோடு பொதிந்து கொடுக்கவும் சொல்லிக்கொடுங்கள்.

திருமணத்துக்கு அன்பளிப்பாக நாம் கொடுக்கும் பிளாஸ்டிக் கடிகாரங்கள் பல வீடுகளில் பிரிக்கப்படாமலே பரண் ஏறுகின்றன. அந்தத் தொகைக்கு ஒரு மனிதரின் கை வரைந்த படத்தைக் கொடுக்கலாம். எல்லோராலும் வாங்க இயலாது என்பது உண்மையே. வாங்க இயலாதவர் பார்த்துவிட்டு நல்ல சொல் ஒன்று சொல்லிச் செல்லலாம். காலண்டரில் இலவசமாகக் கிடைக்கும் என்று மட்டும் சொல்லாதிருப்போம்.

அடுத்த ஆண்டு அதே பொருட்காட்சிக்கு, விடுபட்ட ஐந்நூறு ரூபாயை ஓர் உறையில் வைத்து எடுத்துச் சென்றோம். அந்த வரிசையின் கடைசியில் கைபேசி உறை விற்கும் கடை இருந்தது. அவர் வரவில்லை. பக்கத்துக் கடைக்காரருக்கும் அவரைப் பற்றித் தெரியவில்லை. தெப்பக்குளம் நம் கூடத்துச் சுவரில் இருக்கிறது. விருந்தினர் வந்து பாராட்டும்போதெல்லாம் அந்தக் கணக்கு நினைவுக்கு வருகிறது. அவர் எங்கிருந்தாலும் அல்லாஹ் அவருடைய கைக்கு நலனையும் உழைப்புக்கு நல்ல ரிஸ்கையும் தருவானாக. பிறர் பொருளின் மதிப்பைக் குறைக்காதவர்களாக நம் அனைவரையும் ஆக்குவானாக. ஆமீன்.