ஓட்டும் விலாசமும்

"இராமன் ஆண்டால் என்ன, இராவணன் ஆண்டால் என்ன? விடிந்தால் நமக்குப் பால் மரந்தானே!"

தேர்தல் பேச்சு எழும்போதெல்லாம் தோட்டத்து லயங்களில் இச்சொல்லும் கூடவே எழுவதை நாம் கேட்டிருக்கிறோம். சொல்பவர் சோம்பேறியல்லர். இருட்டோடு எழுந்து, நெற்றியிலே விளக்கைக் கட்டிக்கொண்டு, நிரை பிடித்து மரம் சீவி, பாலைச் சுமந்து வந்து நிறுத்துக் கொடுத்துவிட்டு, அப்போதுதான் திண்ணையில் உட்கார்ந்தவர். அவர் பேச்சிலே அலுப்பு இருக்கிறது. அலுப்புக்குக் காரணமும் இருக்கிறது. அரிசி மூட்டையோடும் கூப்பிய கையோடும் வந்தவர்கள், வெற்றி பெற்ற பின் எத்தனை முறை திரும்பி வந்தார்கள் என்ற கணக்கு அவரிடம் உண்டு. ஆயினும் அவருடைய முடிவை நாம் ஒப்புவதற்கில்லை.

உலகில் நடப்பதற்கும் நமக்கும் சம்பந்தமில்லை என்பது உண்மையானால், அது நம் அடுப்பை எட்டியிருக்கக் கூடாது. எட்டியதே! 1950ஆம் ஆண்டில் கொரியாவில் போர் மூண்டது. அந்நாடு எந்தத் திசையில் இருக்கிறதென்று கூட அறியாத நம் தோட்டங்களில் அதன் எதிரொலி கேட்டது. வல்லரசுகள் ரப்பரை வாங்கிக் குவித்தன. விலை மளமளவென்று ஏறிற்று. 1951க்குப் பின் அதே வேகத்தில் சரிந்தது. விலையைப் பிடித்துக்கொண்டு ஏறிய கூலியும் விலையோடு கீழே இறங்கிற்று. போரைத் தொடங்கியதும் நாமல்ல, நிறுத்தியதும் நாமல்ல.

போரை நாம் ஓட்டுப் போட்டுத் தடுத்துவிட முடியாதுதான். ஆனால் அதன் சுமை யார் தோளில் இறங்க வேண்டும் என்பதை ஆட்சி மன்றங்கள் முடிவு செய்கின்றன. 2011ஆம் ஆண்டில் நம் நாடாளுமன்றம் குறைந்தபட்சச் சம்பளத்துக்கு வழி செய்யும் சட்டத்தை நிறைவேற்றியது. 2013இல் தீபகற்பத்தில் மாதம் 900 வெள்ளி என்று தொடங்கிய அத்தொகை, 2025 பிப்ரவரியில் 1,700 வெள்ளியாயிற்று. இன்றைய அரிசி விலைக்கு அது போதுமா என்பது வேறு வழக்கு. அவ்வழக்கை நாம் விட்டுவிடப் போவதில்லை. விலை சரிந்தாலும் இதற்குக் கீழே கூலி இறங்கக் கூடாதென்று ஒரு கோடு போட்டது சட்டம். சட்டத்தைச் செய்தவர்களை அனுப்பி வைத்தது ஓட்டு.

ஓட்டு இல்லாது போனால் என்னாகும்? ஊகம் வேண்டாம். நம்மைப் போலவே தமிழகத்திலிருந்து கப்பலேறிப் போனவர்களின் மக்களான இலங்கை மலைநாட்டுத் தேயிலைத் தோட்டப் பாட்டாளிகளைக் கேட்டால் போதும். 1931ஆம் ஆண்டிலேயே இலங்கையில் வயது வந்தோர்க்கெல்லாம் ஓட்டுரிமை வந்தது. 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் 7 இடங்களைப் பிடித்தது. அந்த எழுவரில் தொண்டமானும் ஒருவர். தோட்டத்துப் பிரதிநிதிகள் எழுவர் பார்லிமெண்டில் உட்கார்ந்து பேசும் காலம் வந்துவிட்டதென்று மக்கள் பூரித்தனர்.

பூரிப்பு ஓராண்டு கூட நிலைக்கவில்லை. 1948இல் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. தகப்பனோ பாட்டனோ இலங்கையில் பிறந்ததற்குச் சான்று காட்டு என்றது. கொழுந்து பறிக்கும் கூடையோடு பிறந்து வளர்ந்த மக்களிடம் பாட்டனின் பிறப்புப் பத்திரம் எங்கே இருக்கும்? பாட்டன் பிறந்தபோது அதை எழுதி வைத்தவர்தாம் யார்? பிரஜாவுரிமை போயிற்று. 1949ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஓட்டும் போயிற்று. 1952ஆம் ஆண்டுத் தேர்தலில் தோட்டங்கள் வாயற்றுக் கிடந்தன.

பிறகு நடந்ததை நாம் மறக்கக் கூடாது. 1964இல் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால்பகதூர் சாஸ்திரியும் ஓர் ஒப்பந்தம் செய்தனர். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் பேசிக்கொள்வோம் என்று மனிதர்களைப் பங்கு போட்டார்கள். ரப்பர் ஷீட்டைக் கூட நம் ஆலையில் தரம் பார்த்துத்தான் பிரிப்பார்கள்! அந்த மக்களின் விருப்பத்தைக் கேட்டுவிட்டா கையெழுத்திட்டார்கள்? கேட்க வேண்டிய அவசியம் இரண்டு பிரதமர்களுக்கும் இல்லை. அவர்களிடம் ஓட்டு இல்லை. தொண்டமான் மறுபடி மக்கள் ஓட்டினால் பார்லிமெண்டுக்குள் நுழைந்தது 1977இல். நாடற்று எஞ்சியிருந்தவர்களுக்குப் பிரஜாவுரிமை வழங்கும் சட்டம் வந்தது 2003இல். 1948இல் பிறந்த குழந்தைக்கு அப்போது வயது 55.

அது அங்கே என்று நாம் மார்தட்ட வேண்டாம். 1955 ஜூலை 27இல் மலாயாவில் முதல் பொதுத் தேர்தல் நடந்தது. 52 இடங்களில் 51ஐக் கூட்டணி வென்ற கதை எல்லாரும் அறிந்ததே. அறியாதது இது: பதிவு பெற்ற வாக்காளரில் நூற்றுக்கு 84 பேர் மலாய்க்காரர், 11 பேர் சீனர், இந்தியரும் பிறரும் சேர்ந்தே 5 பேருக்குக் குறைவு. காட்டை அழித்து ரப்பர் நட்டவர்களில் மிகப் பலர் அன்று ஓட்டுச் சாவடிக்கு வெளியே நின்றார்கள்.

1957இல் மெர்டேக்கா வந்தது. பிரஜாவுரிமைக்கு விண்ணப்பிக்க முதல் ஓராண்டுக்கு மொழித் தேர்விலிருந்து பலருக்கு விலக்கு இருந்தது. எத்தனையோ பேர் பதிந்துகொண்டார்கள். எத்தனையோ பேர் பதியவில்லை. 'ஊருக்குத்தானே போகப் போகிறோம்' என்றிருந்தவர் சிலர். படிவத்தைப் படித்துச் சொல்ல ஆளில்லாதவர் பலர். நீலக் கார்டு கிடைக்காமல் சிவப்புக் கார்டோடு நின்றவர்களுக்கு அதன் விலை 1969க்குப் பிறகு தெரிந்தது. பிரஜையல்லாதார் வேலை செய்ய அனுமதிச் சீட்டு வேண்டுமென்ற விதி இறுகியது. பல்லாயிரம் பேர் தாங்கள் நட்ட மரங்களை விட்டுவிட்டு இந்தியாவுக்குக் கப்பலேறினார்கள்.

சிவப்புக் கார்டுச் சங்கதி இன்னும் தீர்ந்தபாடில்லை. 2024 அக்டோபரில் மக்களவை நிறைவேற்றிய அரசியல் சட்டத் திருத்தங்களுள் ஒன்று, நிரந்தரவாசிகளுக்கு இங்கே பிறக்கும் பிள்ளைகள் பிறப்பினாலேயே பிரஜையாகும் வழியை நீக்குவது. இதைக் கேட்டுத் தூக்கம் கெட்ட வீடுகள் நம்மிடையே உண்டு. ஆனால் சிவப்புக் கார்டு வைத்திருப்பவருக்கு ஓட்டு இல்லை. அவருக்காகப் பேச வேண்டியவர் நீலக் கார்டு வைத்திருக்கும் அண்டை வீட்டுக்காரர்தாம்.

இவ்விடத்தில் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. நாட்டில் ஓட்டில்லாத அந்நாளிலும் நம் பாட்டாளிக்குச் சங்கத்தில் ஓட்டு இருந்தது. சங்கத்தில் சேர அவரிடம் யாரும் பிரஜாவுரிமைப் பத்திரம் கேட்கவில்லை. மடித்த சீட்டைப் பெட்டியில் போடப் பலர் கற்றுக்கொண்டது தொழிற்சங்கக் கிளையில்தான்.

இப்போது நம் வாசலுக்கு வருவோம். 2021 டிசம்பர் 15 முதல் 18 வயதான பிரஜை தானாகவே வாக்காளராகிறார். முன்போல் விண்ணப்பம் எழுத வேண்டியதில்லை. 2018இல் ஒன்றரைக் கோடிக்குச் சற்றுக் குறைவாயிருந்த வாக்காளர் தொகை, 2022 நவம்பர் 19ஆம் நாள் தேர்தலில் 2 கோடியே 11 லட்சமாயிற்று. நல்ல காரியம். ஆனால் இதிலே ஒரு முடிச்சு இருக்கிறது. பட்டியலில் பெயர் தானாக ஏறுகிறது. எந்த ஊர்ப் பட்டியலில் என்பதை அடையாளக் கார்டிலுள்ள விலாசம் முடிவு செய்கிறது.

நம் விலாசம் எது? தோட்டங்கள் துண்டாடப்பட்டன. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. செம்பனையும் போய் வீடமைப்புத் திட்டம் வந்த இடங்கள் உண்டு. லயங்கள் இடிந்தன. குடும்பங்கள் பட்டணத்து அடுக்கு மாடிக்குப் போயின. கார்டில் மட்டும் பழைய தோட்டத்தின் பெயர் அப்படியே இருக்கிறது. தேர்தல் நாளன்று நூறு மைல் பஸ் ஏறிப் போய் ஓட்டுப் போட எத்தனை பேரால் முடியும்? ஒரு நாள் சம்பளமும் பஸ் கட்டணமும் யார் தருவார்? போகாதவருக்காக மற்றவர்கள் முடிவு செய்துவிடுகிறார்கள். குடியிருக்கும் இடத்திலோ, குழாயில் தண்ணீர் வரவில்லையென்று முறையிடப் போனால், 'நீங்கள் எங்கள் தொகுதியா?' என்று கேட்கிறார்கள்.

பட்டியல் கோளாறானால் தேர்தலே கோளாறாகும். நம்மோடு தோட்டங்களில் வேலை செய்யும் இந்தோனேசியத் தோழர்களைக் கேளுங்கள். 2024ஆம் ஆண்டு அவர்கள் நாட்டுத் தேர்தலுக்குக் கோலாலம்பூரில் நடந்த வாக்குப்பதிவில், வாக்காளர் பட்டியலே சரியில்லையென்று மார்ச்சு மாதத்தில் மறுபடியும் வாக்களிப்பு நடத்த நேர்ந்தது.

ஆகவே செய்ய வேண்டிய வேலை இரண்டு. வீடு மாறியவர்கள் தேசியப் பதிவிலாகாவில் கார்டின் விலாசத்தை மாற்ற வேண்டும். ஏற்கெனவே வாக்காளராயிருப்பவர்கள் அதன் பிறகு தேர்தல் ஆணையத்திடம் தொகுதி மாற்றமும் கோர வேண்டும். முதலாவதைச் செய்தால் இரண்டாவது தானே நடந்துவிடும் என்று நம்பியிருக்க வேண்டாம். தேர்தல் அறிவித்த பின் ஓடுவதில் பயனில்லை. அதற்கு முன்பே பட்டியல் முடிந்துவிடும்.

கிராணிமார்களுக்கு ஒரு வார்த்தை. 1957இல் படிவத்தைப் படித்துச் சொல்ல ஆளிருந்த தோட்டத்துக்கும் ஆளில்லாத தோட்டத்துக்கும் இருந்த வேறுபாட்டை மேலே கண்டோம். இன்று படிவம் கைத்தொலைபேசிக்குள் போய்விட்டது. எழுத்துச் சிறியதாகவும் இருக்கிறது. செக்ரோல் எழுதும் கைகளுக்கு இது பெரிய காரியமல்ல. மாலையில் ஒரு மணி நேரம், கோயில் மண்டபத்திலோ கிளை அலுவலகத்திலோ உட்கார்ந்தால் ஒரு தோட்டத்தின் வேலை ஒரு வாரத்தில் முடியும். வயதானவர்களின் கார்டை முதலில் வாங்கிப் பாருங்கள். சிவப்பாயிருந்தால் அந்த விவரத்தைத் தனியே குறித்துக் கிளைச் செயலாளரிடம் சேர்ப்பியுங்கள்.

மற்றவர்கள் இவ்விதழை மடித்து வைக்குமுன் உங்கள் கார்டை எடுங்கள். படத்துக்குப் பக்கத்தில் அச்சிட்டிருக்கும் விலாசத்தைப் படியுங்கள். அந்த லயம் இன்னும் நிற்கிறதா?